5½ மணி நேர ஓட்டம், 12 கி.மீ. நடை, ஒரு அருவி: ஒரே நாளில் முடியுமா?

வழிப்போக்கன்

திட்டம் இதுதான், எங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள்.

ஆறு பேர், ஏழு இருக்கை வண்டி ஒன்று. ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். வீட்டிலிருந்து தடம் தொடங்கும் இடம்வரை 280 கி.மீ. வரைபடச் செயலி 5 மணி 30 நிமிடம் காட்டுகிறது. கடைசி 40 கி.மீ. மலைப்பாதை, பல இடங்களில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்கித்தான் போக வேண்டும். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து அருவிக்கு 6 கி.மீ., உயர வித்தியாசம் 420 மீட்டர். சூரியன் மறைவது மாலை 6:15.

அதிகாலை 2 மணிக்கு எழுந்து 3 மணிக்குக் கிளம்புவது. 8:30-க்கு அங்கே. இரண்டு மணி நேரத்தில் அருவி. குளித்து, சாப்பிட்டு, மெதுவாகத் திரும்பி 4 மணிக்கு வண்டியை எடுத்தால் இரவு 9:30-க்கு வீடு. தங்கும் செலவு மிச்சம்.

கோட்டுப்படம்

பதில் சொல்லும் முன் ஒரே ஒரு கேள்வி. அந்த 420 மீட்டர் மேலேயா, கீழேயா? அருவி வண்டி நிற்கும் இடத்துக்கு மேலே இருக்கிறதா, பள்ளத்தாக்கில் இறங்கிப் பார்க்க வேண்டியதா?

மலை என்றாலே முதலில் ஏற்றம், பிறகு இறக்கம் என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறோம். மலைச்சாலை மேட்டோடு போகும், ஓடை பள்ளத்தில் ஓடும். அதனால் பாதி அருவிகளுக்குப் போகும்போது இறக்கம், வரும்போதுதான் ஏற்றம். சம உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் வண்டி நிற்கும் இடத்தின் உயர எண்ணையும் அருவியடியின் எண்ணையும் பாருங்கள். எது சிறியது?

வழிப்போக்கன்

பார்த்தேன். வண்டி 1,180 மீட்டரில், அருவியடி 760-இல். இறக்கம்தான். இதை நான் யோசிக்கவே இல்லை.

கோட்டுப்படம்

அப்படியானால் கணக்கு தலைகீழ்.

1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி இன்றைக்கும் கைகொடுக்கும். 5 கி.மீ.க்கு 1 மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். சாதாரண இறக்கத்துக்குத் தனியாக எதுவும் கூட்டுவதில்லை. ஆனால் அது நல்ல பழக்கமுள்ள, நிற்காமல் நடக்கிற ஒற்றை ஆளின் கணக்கு. ஆறு பேர் கூட்டம், ஈரத் தடம், வேர், பாறை என்றால் நான் ஒன்றரையால் பெருக்குவேன். ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றாலும் ஆறு பேரும்தானே நிற்க வேண்டும்.

போகும்போது: 6 கி.மீ. = 72 நிமிடம். ஒன்றரையால் பெருக்கினால் 108. அதாவது 1 மணி 48 நிமிடம்.
வரும்போது: 72 + 42 = 114 நிமிடம். ஒன்றரையால் பெருக்கினால் 171. 2 மணி 51 நிமிடம்.
அருவியில் ஒன்றேகால் மணி நேரம்.

ஆகக் கூடி 5 மணி 54 நிமிடம். 6 மணி நேரம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அதில் கடினமான பாதி கடைசியில், களைத்த கால்களோடு, மதிய வெயிலில் வருகிறது. குளித்துவிட்டு ஈர உடையில் ஏறத் தொடங்கினால் தொடை உரசிப் புண்ணாகும் என்பது தனிக் கதை.

சாலைக்கு வருவோம். 5:30 என்பது சக்கரம் சுழலும் நேரம் மட்டுமே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் என்றால் இரண்டு நிறுத்தம், 30 நிமிடம். எரிபொருள் போட 10. ஆறு பேர் ஒரே கழிவறைக்கு வரிசையில் நிற்பது அந்த 15 நிமிடத்துக்குள் அடங்காது. ஆக 6 மணி 15 நிமிடம்.

3 மணிக்குக் கிளம்பினால் 9:15, நடை தொடங்க 9:30, வண்டிக்குத் திரும்ப 3:30. உடை மாற்றி, சாப்பிட்டு 4:15-க்குக் கிளம்பினால் வீடு சேர இரவு 10:30.

பாறைப்பூ

மேலே உள்ள கணக்கில் இன்னொரு வரியைச் சேருங்கள். காலை 2 மணிக்கு விழித்தவர் இரவு 10:30-க்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இருபதரை மணி நேர விழிப்பு.

1997-இல் டாசன், ரீட் இருவரும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று காட்டியது. 24 மணி நேரமானால் ஏறத்தாழ 0.10 சதவீதத்துக்குச் சமம். உங்கள் 17-வது மணி நேரம் மாலை 7-க்கு முடிகிறது. அதன்பிறகு மூன்றரை மணி நேரம் சாலையில், இருட்டில், எதிர்வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்க, நடந்து களைத்த உடம்போடு. அருவிப் பயணத்தில் எல்லோரும் வழுக்குப்பாறையைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு இந்த மூன்றரை மணி நேரம்தான் உறுத்துகிறது.

போகிற பக்கமும் சுத்தமில்லை. விடிகாலை 3 முதல் 5 வரை உடம்புக் கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும். நீங்கள் சாலையில் இருப்பது சரியாக அந்த நேரத்தில்.

மைல்கல்

கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள். ஓட்டுநர்கள் இரண்டு பேர் இருக்கிறார்களே. மாறி மாறி ஓட்டினால் ஆளுக்கு 3 மணி நேரம்தான். 3 மணிக் கிளம்பலுக்கு ஒரு நல்லதும் உண்டு: ஊருக்குள் நெரிசல் இல்லை, சமவெளி 240 கி.மீ. சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பாறைப்பூ

மைல்கல், இரண்டு ஓட்டுநர்களும் ஒரே நேரத்தில்தான் எழுந்தார்கள், ஒரே தூரம்தான் நடந்தார்கள். கைமாற்றினால் சலிப்பு குறையும், தூக்கக்கடன் குறையாது. இரண்டாம் ஓட்டுநர் முன்னிருக்கையில் பேச்சுத்துணையாக இல்லாமல், பின்னிருக்கையில் கண்மூடிப் படுத்தால் மட்டும் உங்கள் வாதம் பாதி செல்லும். பாதி என்கிறேன், ஏனென்றால் வளைவில் ஆடும் வண்டியில் உட்கார்ந்தபடி வருவது தூக்கமே இல்லை, வெறும் மயக்கம்.

நெரிசல் பற்றிச் சொன்னது சரி. அதை முந்தின நாள் மதியம் 2 மணிக்குக் கிளம்பியும் தவிர்க்கலாம்.

மைல்கல்

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் எங்கே தங்குவது? தடத்துக்குப் பக்கத்தில் போய்விட்டால் காலையில் நேரம் மிச்சமாகுமே.

மூன்றாம்_கியர்

மலைக்கு மேலே போய்த் தங்குவதென்றால் இருட்டும் முன் மேலே ஏறியிருக்கணும். 2 மணிக்குக் கிளம்பினால் அந்த 40 கி.மீ. மலைப்பாதை இருட்டிலதான் வரும். அதனால் அடிவாரத்தில் தங்குங்க. காலையில் பகல் வெளிச்சத்தில் மலை ஏறுங்க. தெரியாத மலைப்பாதையை முதல்முறை பகலில்தான் பார்க்கணும்.

வண்டி பற்றி:

ஆறு பேரும் மூட்டையும் என்றால் முழுச்சுமை. டயர் பக்கச்சுவரில் எழுதியிருப்பது டயர் தாங்கும் உச்ச அழுத்தம், அதைப் பார்த்துக் காற்று அடிக்காதீங்க. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதில் இரண்டு ஆளுக்கு ஒரு அளவு, முழுச்சுமைக்கு ஒரு அளவு தனித்தனியா இருக்கும். பின்டயருக்குத்தான் வித்தியாசம் அதிகம். கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அடிக்கணும். ஓடிச் சூடானபின் 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிடாதீங்க. ஸ்டெப்னியையும் பாருங்க. ஏழு இருக்கை வண்டியில் அது பெரும்பாலும் அடிவயிற்றில் தொங்கும். இறக்கும் கைப்பிடி எங்கே இருக்கு, துருப்பிடிக்காமல் சுத்துதா என்று வீட்டு வாசலில் ஒருமுறை இறக்கிப் பார்த்துடுங்க. சரிவில் ஜாக்கி போடக் கூடாது. டயருக்கு முட்டுக்கொடுக்க மரக்கட்டை இரண்டு எடுத்துக்கோங்க.

மலை இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வரக் கூடாது. எந்தக் கியரில் ஏறினீங்களோ அதே கியரில் இறங்குங்க, எஞ்சின் பிடிக்கும். வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தி 10, 15 கி.மீ. குறைத்துவிட்டு முழுசா விட்டுடணும், மறுபடி கூடினால் மறுபடி. தானியங்கிக் கியர் என்றால் கைமுறை நிலைக்கு மாற்றி 2 அல்லது 3-இல் பூட்டுங்க.

ஏன் என்று கேட்பீங்க. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் தரநிலை கேட்பது 155 டிகிரி மட்டும்தான். நீண்ட இறக்கத்தில் சூடு அங்கே எட்டினால் எண்ணெய் ஆவியாகிக் குமிழி விடும். மிதி பஞ்சு மாதிரி அடிவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு மேல் மாற்றவில்லை என்றால் பயணத்துக்கு முன் மாற்றிடுங்க. கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்க. தண்ணி ஊற்றக் கூடாது, தட்டு கோணிக்கும்.

எரிபொருள் அடிவாரத்திலேயே முழுசா. மேலே நம்பிப் போக வேண்டாம்.

பாதிமின்

கியர் அண்ணா, மின்கார் என்றால்?

மூன்றாம்_கியர்

கணக்கு லேசு தம்பி. ஆளோடு 1,800 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் ஏற, புவியீர்ப்புக்கு மட்டும் ஏறத்தாழ 5 கிலோவாட் மணி வேணும். இது அந்தத் தூரத்துக்கு வழக்கமாகத் தின்பதற்கு மேலே. இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து, அதில் நல்ல பங்கை மின்சாரமாகத் திருப்பித் தரும். ஆனால் மலை உச்சியில் தங்கி 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்கினால் மின்கலத்தில் இடமே இருக்காது, மோட்டார் பிடிப்பு வேலை செய்யாது, எல்லாம் சாதாரண பிரேக் மேலே விழும். மேலே ஏற்றுவதானால் 80-இல் நிறுத்திக்கோ.

மடுக்கரை

சாலையும் நடையும் பேசியாயிற்று. நீரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

முதலாவது, எந்த வானிலையைப் பார்ப்பது. தடம் தொடங்கும் ஊரின் வானிலை பாதிதான் உதவும். அருவிக்கு மேலே எந்தச் சரிவுகளின் மழை அந்த ஓடையில் சேர்கிறதோ, அங்கே கடந்த 48 மணி நேரத்தில் பெய்ததும் இனிப் பெய்யப்போவதும்தான் கணக்கு. கோட்டுப்படம் சொன்ன அதே வரைபடத்தில் ஓடைக்கோட்டை மேல்நோக்கிப் பின்தொடருங்கள், எங்கே முடிகிறது என்று தெரியும். உங்கள் தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே மேலே பெய்த மழை வந்து சேரலாம். ஓடையில் அணையோ தடுப்போ இருந்தால் நீர் திறக்கும் நேரத்தை விசாரித்துவிடுங்கள்.

இரண்டாவது, போனவுடன் செய்ய வேண்டியது. பையை இறக்கும் முன் நீர் விளிம்பில், பாறையை நீர் தொடும் அதே கோட்டில் ஒரு குச்சியைச் செருகுங்கள். செருக மண் இல்லையென்றால் முட்டையளவு வெள்ளைக்கல் ஒன்றை வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். கல் பாதி நனைந்திருந்தால் எல்லோரும் வெளியே. விரற்கடை உயர்வுதானே என்று நினைக்காதீர்கள். அகலமான இடத்தில் விரற்கடை உயர்ந்தால் குறுகலான இடத்தில் அது முழங்கால்.

மற்ற அறிகுறிகள்: தெளிந்த நீர் தேநீர் நிறமாகும். தனித்தனி இலை மிதந்துவந்த இடத்தில் சருகும் சுள்ளியும் கொத்தாக வரும். இரைச்சல் தடித்து, அடித்தொண்டையில் உறுமுவது போல மாறும். திடீரென நீர் குறைந்தாலும் ஓடுங்கள். மேலே மரமோ மண்சரிவோ நீரை அடைத்திருக்கலாம், உடைந்தால் மொத்தமும் வரும். ஓடுவதென்றால் கரையோரமாகக் கீழ்நோக்கி அல்ல, பக்கவாட்டில் மேட்டுக்கு. சாமானை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, அருவி விழும் மடு. மேலே அமைதியாகத் தெரியும் மடுவின் உள்ளே நீர் அடிவரை குத்தி, சுழன்று, மேற்பரப்பில் அருவியை நோக்கியே திரும்புகிறது. மிதப்பவரை அது உள்ளே இழுக்கும். வெண்ணுரை நீர் என்பது பாதி காற்று. அடர்த்தி குறைவதால் உடம்பு வழக்கம்போல் மிதக்காது, கை வீசினாலும் பிடிப்பு இருக்காது. நன்றாக நீந்துபவர் மாட்டிக்கொள்வது இதனால்தான். நீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் குதித்த நொடியில் மூச்சு தானாக உள்ளிழுபடும், தலை நீருக்குள் இருந்தால் நீர்தான் உள்ளே போகும். குதிக்க வேண்டாம். இறங்குவதானால் அருவியிலிருந்து தள்ளி, மடு ஆழம் குறைந்து வெளியேறும் பக்கத்தில், அடி தெரியும் இடத்தில், இடுப்பளவுக்குள்.

நான்காவது, நேர் அடியில் நிற்பது. மழை இல்லாத நாளிலும் மேலிருந்து கல் வரும். 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் கீழே வரும்போது மணிக்கு 85 கி.மீ. வேகத்தில் இருக்கும். தூவானம் படும் தூரத்தில் நிற்பதே போதும்.

ஐந்தாவது, ஓடையைக் கடப்பது. தடம் எங்காவது ஓடையைக் கடக்கிறதா, வழிப்போக்கன்?

வழிப்போக்கன்

ஓரிடத்தில். அருவிக்கு 1 கி.மீ. முன்னால், பாலம் இல்லை. "முழங்காலுக்குக் கீழே" என்று விவரக்குறிப்பு சொல்கிறது.

மடுக்கரை

குறிப்பு எழுதிய மாதத்தில் முழங்காலுக்குக் கீழே. நீங்கள் போகும் நாளில் நீங்களேதான் பார்க்க வேண்டும்.

நீரின் வேகம் இரட்டித்தால் அது காலில் தள்ளும் விசை நான்கு மடங்கு. அதனால் ஆழத்தைவிட வேகத்தைப் பாருங்கள். ஒரு சுள்ளியைப் போட்டுவிட்டு கரையில் அதோடு சேர்ந்து நடங்கள். சாதாரண நடையைவிட அது முந்திப்போனால் முழங்கால் ஆழத்திலும் இறங்க வேண்டாம். வேகமாக ஓடும் 15 செ.மீ. நீரே நின்றிருக்கும் ஆளைச் சாய்த்துவிடும். (இதே விதி சாலைக்கும். தரைப்பாலத்தின் மேல் 30 செ.மீ. ஓடினால் சிறிய கார் நகரும், 60 செ.மீ. என்றால் உங்கள் ஏழு இருக்கையும் போகும். காத்திருங்கள் அல்லது திரும்புங்கள்.)

குறுகிய இடத்தைத் தேடாதீர்கள். அங்கேதான் ஆழமும் வேகமும். அகலமாகப் பரந்து சலசலக்கும் இடமே நல்லது. பையின் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் கழற்றிவிட்டு இறங்குங்கள், விழுந்தால் பை தனியாகப் போகட்டும். காலணி காலிலேயே இருக்கட்டும். முகம் நீர் வரும் திசைக்கு, கோல் முன்னால், ஒரு நேரத்தில் ஒரே ஓர் அடி. ஒரு கால் நிலைத்த பிறகே மறுகால். அருவி விளிம்புக்கு மேலே மட்டும் எந்த ஆழத்திலும் கடக்கக் கூடாது.

இன்னொன்று: போகும்போது கடந்துவிடலாம், மதியம் மழை பெய்தால் வரும்போது முடியாமல் போகும். இன்னும் ஒரு சாண் ஏறினாலும் திரும்பிக் கடக்க முடியுமா? முடியாது என்றால் அன்றைய நடை அந்தக் கரையோடு முடிந்தது.

ஈரச்செருப்பு

காலுக்கு வருகிறேன். பெயர்ப் பொருத்தம் இருக்கிறதே.

ஓடை கடக்கும் தடத்துக்கு நீர்புகாத் தோல் காலணி வேண்டாம். மேல்வழியாக ஒருமுறை நீர் புகுந்தால் வெளியேற வழியில்லை, மிச்சம் 5 கி.மீ. குளத்தில் நடப்பது போலத்தான். வலைத்துணி மேற்பகுதியும் மென்மையான ரப்பர் அடியும் உள்ள காலணி பத்து நிமிடத்தில் நீரை வடித்துவிடும். அடியில் பள்ளங்கள் 4, 5 மி.மீ. ஆழமாவது இருக்கட்டும். ஆனால் பாசிக்கு எந்த ரப்பரும் மருந்தல்ல. கறுத்து மினுமினுக்கும் பாறையில் கால் வைக்காதீர்கள், சொரசொரப்பாக வெளிறித் தெரியும் பாறை பிடிக்கும். இறங்கும் சரிவில் குதிகாலை ஊன்றிச் சாயாமல், முழங்காலை மடக்கி, பாதம் முழுவதும் படும்படி வையுங்கள்.

பருத்தி காலுறை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், கொப்புளம் நிச்சயம். கம்பளி அல்லது செயற்கை இழை இரண்டு சோடி, ஓடை தாண்டியதும் மாற்ற ஒன்று. கொப்புளம் வருவதற்குமுன் அந்த இடம் சுடும். சுட்டவுடன் நின்று, துடைத்துக் காயவைத்து, ஒட்டுநாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் ஏறும்போது அந்த ஆள்தான் எல்லோரையும் நிறுத்தி வைப்பார்.

குடிநீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர். ஆறு மணி நேரத்துக்கு 3 லிட்டர், அதுவே 3 கிலோ. வெயிலில் ஏறும் கட்டத்தில் முக்கால் லிட்டரும் போகும். அதனால் பாதிக்குமேல் திரும்பும் வழிக்கு வைத்திருங்கள். இறங்கும்போது தாகம் தெரியாமல் எல்லோரும் தாராளமாகக் கொட்டுவார்கள். வெறும் நீரை மட்டும் குடித்தால் தலைசுற்றும், உப்புள்ள தின்பண்டம் இருக்கட்டும். ஓடை நீரைக் குடிப்பதானால் கொதி வந்தபின் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். குளோரின் மாத்திரை என்றால் அதன் உறையில் போட்ட நேரம்வரை, பொதுவாக அரைமணி. கலங்கல் நீரில் அது சரியாக வேலை செய்யாது, முதலில் துணியில் வடிகட்டுங்கள்.

ஆளுக்கு ஒரு நெற்றி விளக்கு, பகல் நடைக்கும். கைப்பேசி விளக்கு போதாது, ஒரு கையை அது பிடித்துக்கொள்ளும். அந்தக் கை பாறையைப் பிடிக்க வேண்டும்.

நிழற்பெட்டி

படம் எடுப்பவர் யாராவது உண்டா? நீர் பட்டுத்துணி போல விழ, ஷட்டர் கால் நொடி முதல் அரை நொடி திறந்திருந்தால் போதும். 5 நொடி வைத்தால் வெறும் பால்வெள்ளைத் திட்டு. ஈரப்பாறையின் பளிச்சிடலைக் குறைக்க, லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டி ஒன்று வேண்டும். உச்சிவெயிலில் எதுவும் தேறாது. காலை 9 மணிக்கு முன்னால் போய்ச் சேர முடியுமா?

கோட்டுப்படம்

நிழற்பெட்டி, படத்துக்காகக் கால அட்டவணையை முறுக்க வேண்டாம். மேகமூட்டம் இருந்தால் 11 மணியும் நல்ல வெளிச்சம்தான்.

வழிப்போக்கன்

எல்லோருக்கும் நன்றி. திருத்திய திட்டம்:

முந்தின நாள் மதியம் 2 மணிக்குக் கிளம்பி அடிவாரத்தில் தங்கல். இரவு 9:30-க்குத் தூக்கம். காலை 5:00-க்கு எழுந்து, 5:45-க்கு மலை ஏறி, 7:15-க்குத் தடத் தொடக்கம். நுழைவு வாயில் 7-க்குத் திறக்கிறது, அனுமதி வாங்கியாயிற்று. 7:30 நடை. 9:18 அருவி. 10:33-க்குத் திரும்பல். 1:24-க்கு வண்டி. உணவு, அரைமணித் தூக்கம். 2:30-க்குக் கிளம்பினால் மலைப்பாதை பகலிலேயே முடிந்துவிடும். இரவு 8:45-க்கு வீடு. விழிப்பு 15 மணி 45 நிமிடம்.

திரும்பும் நேரம் என்று ஒன்று வைக்கச் சொல்கிறார்களே, மதியம் 12 சரியா? சூரியன் மறைய 6 மணி நேரம் இருக்கிறதே.

கோட்டுப்படம்

12 தாமதம். திரும்பும் நேரத்தை இருட்டை வைத்து மட்டும் கணக்கிடக் கூடாது, அன்றைக்கு நீங்கள் நடக்கும் வேகத்தையும் வைத்துக் கணக்கிட வேண்டும்.

10:15-க்கும் அருவி வரவில்லை என்று வையுங்கள். 108 நிமிடத்தில் முடிய வேண்டிய இறக்கம் 165 நிமிடம் எடுத்திருக்கிறது. அதே விகிதத்தில் ஏற்றம் 171 நிமிடமாக இருக்காது, 261 நிமிடம். அங்கேயே திரும்பினாலும் வண்டி சேர 2:36. இன்னும் மலைப்பாதையைப் பகலில் இறங்கிவிடலாம். 12 மணி வரை முன்னேறினால் இறக்கமே 270 நிமிடம், ஏற்றம் 7 மணி நேரத்துக்கு மேல். வண்டியைத் தொடும்போது சூரியன் மறைந்து ஏறத்தாழ ஒரு மணி நேரமாகியிருக்கும்.

ஆகவே 10:15. அருவி இரைச்சல் காதில் விழுந்தாலும் சரி. கிளம்பும் முன்பே ஆறு பேரிடமும் சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் ஓட்டெடுப்பு நடக்கும்.

வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: வண்டி எண், நிறுத்தும் இடம், தடத்தின் பெயர், ஆறு பேர், "மாலை 5 மணிக்குள் அழைப்பு வராவிட்டால் இந்த எண்ணுக்குச் சொல்லவும்". சிக்னல் கிடைக்கும் முதல் இடத்தில் அழைத்து முடித்துவிடுங்கள், மறந்தால் வீண் தேடல். வரைபடத்தை முன்பே இறக்கிவைத்து, தடத்தில் கைப்பேசியை விமானநிலையில் (ஃப்ளைட் மோடில்) வையுங்கள். கைப்பேசி சிக்னல் இல்லாமலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். கோபுரத்தைத் தேடித்தேடித்தான் மின்கலம் தீர்கிறது.

பாறைப்பூ

திட்டம் இப்போது நன்றாக இருக்கிறது. ஓட்டுநருக்கு மட்டும் இரண்டு.

அந்த அரைமணித் தூக்கத்துக்கு முன்பே காபி குடித்துவிடுங்கள், எழுந்தபின் அல்ல. காஃபீன் வேலை செய்ய அரைமணி ஆகும், எழும்போது அதுவும் சேர்ந்து எழும். தூக்கம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் மந்தம் பிடிக்கும்.

வளைவில் வாந்தி வருகிறவர்கள் போடும் மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவைப்பவை. ஓட்டுநர் இருவரும் தொடக் கூடாது. நடக்கப்போகிறவர்களும் காலையில் போட்டால் தடத்தில் தள்ளாடுவார்கள். வாந்தி வருபவரை முன்னிருக்கையில் உட்காரவைத்து, கைப்பேசியை வாங்கிவைத்துவிட்டு, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

மூன்றாம்_கியர்

வண்டி நிறுத்தும்போது மூக்கு வெளியே பார்க்க நிறுத்துங்க. காய்ந்த ஓடைப்படுகையில் வேண்டாம், பட்ட மரத்தடியில் வேண்டாம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணியும் உலர்ந்த உடையும் வண்டியிலேயே இருக்கட்டும். ஈரக் காலணியோடு ஓட்டினால் மிதி வழுக்கும், ஓட்டுநர் கட்டாயம் மாற்றணும்.

வழிப்போக்கன்

கடைசிச் சந்தேகம். ஓடை கடக்கிறோம், குளிக்கிறோம். சாவியை என்ன செய்வது? வண்டிக்கு அடியில் எங்காவது ஒளித்துவைக்கலாமா?

மூன்றாம்_கியர்

ஒளித்துவைக்காதீங்க, தேடுகிறவனுக்கு அந்த இடமெல்லாம் தெரியும். பொத்தானை அழுத்தாமல், பக்கத்தில் இருந்தாலே கதவு திறக்கும் வகைச் சாவி என்றால், வண்டிக்கு அடியில் வைத்தால் கதவு பூட்டாத மாதிரிதான்.

சாவியை ஜிப் உறையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, அதை இன்னொரு உறையில் போட்டு, பையின் உள்ஜிப்பில் இருக்கும் கொக்கியில் மாட்டுங்க. கால்சட்டைப் பையில் வேண்டாம், குளிக்கும்போது அதைத்தான் மறந்துட்டு இறங்குவோம். உள்ளிருக்கும் சில்லு நனைந்து கெட்டால் கதவு சாவியால் திறக்கும், எஞ்சின் பிடிக்காது. மாற்றுச் சாவியையும் கொண்டுபோங்க, ஆனால் இரண்டாம் ஓட்டுநர் பையில். ஓடையைக் கடக்கும்போது அந்த இரண்டு பைகளும் ஒரே நேரத்தில் தண்ணியில் இருக்கக் கூடாது.